பாஸ்வேர்டு நோட்டு

ராயக்கோட்டை மண்டிக்கு எதிரே
ஏழுக்குப் பத்தடியில் என் கடை.
ஜெராக்ஸ், ரீசார்ஜ், பட்டா சிட்டா,
கேட்டால் கணக்கும் திறந்து கொடுப்பேன்.
வங்கிக் கணக்கு இல்லை.

திறந்ததும் எல்லோரும் சொல்வது:
"எனக்கு ஞாபகம் இருக்காதுக்கா,
நீங்களே எழுதி வெச்சிடுங்க."
எழுதி வைத்தேன். நீள நோட்டு, சிவப்பு அட்டை.

முதல் பக்கங்கள் முழுக்க ஆர்குட்.
மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து
ஒருவரை ஒருவர் புகழ்ந்து எழுத
மழையில் நனைந்து வந்த பாலிடெக்னிக் பையன்கள்.
திம்மராயனின் பாஸ்வேர்டு
வகுப்பில் ஒருத்தியின் பெயர், பின்னால் 143.
அடுத்த மாதம் வந்து பெயரை மாற்றச் சொன்னான்.
143 அப்படியே இருக்கட்டும் என்றான்.

அப்புறம் ஃபேஸ்புக்.
கவுன்சிலர், கறிக்கடை, டியூஷன் சார்,
பாதிப் பேருக்கு முனீஸ்வரன்,
மீதிப் பேருக்கு வண்டி நம்பர்.
மூன்று பேர் செத்துவிட்டார்கள்.
வருஷா வருஷம் பிறந்தநாள் வாழ்த்து வருகிறது.
சாவி என்னிடம்தான். மூடச் சொல்லி யாரும் வரவில்லை.

டிக்டாக் பக்கத்தில் சென்னம்மா.
மண்டியில் பெட்டி தூக்குகிறவள்.
இருபத்தைந்து கிலோ தலையில் நிற்க
கையை விட்டுவிட்டு ஆடுவாள்.
பாஸ்வேர்டு: தக்காளி62.
கணக்குத் திறந்த அன்றைக்கு மண்டி ரேட்டு அது.
ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேர் சேர்ந்தார்கள்.
கிலோ மூன்று ரூபாய்க்கு இறங்கி
ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போன வாரம்
அந்தச் சிவப்பின் நடுவில் நின்று ஆடியதுதான்
எல்லாவற்றையும் விட அதிகம் ஓடியது.
கூலி அன்றைக்கு இல்லை.

ஜூன் கடைசியில் ஒரு ராத்திரி எல்லாம் நின்றது.
காலையில் நான் ஷட்டரைத் தூக்கும் முன்பே
முகக்கவசம் தாடையில் தொங்க நின்றிருந்தாள்.
"நெட் பிரச்சனையான்னு பாருக்கா."
நோட்டைப் பிரித்தேன். அடித்தேன்.
மறுபடி அடித்தேன், ஒவ்வொரு எழுத்தாக.
எழுத்தில் பிழை இல்லை.
"அத்தன பேரும் எங்க போயிருப்பாங்க?"
அவங்கவங்க வீட்லதான் இருப்பாங்க என்றேன்.
"அப்ப நான்தான் வெளிய நிக்கிறனா?"

அதற்குப் பிறகு நாலைந்து வந்தன.
பெயரைப் படித்து முடிப்பதற்குள் போயின.
ஒன்றில் அவளுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேர்,
அதில் நானும் என் தம்பியும்.

நேற்று மறுபடி வந்தாள், போன் கண்ணாடி கீறலோடு.
புதுசாக எதுவோ வந்திருக்கிறதாம்.
பழைய பாஸ்வேர்டே போடவா?
"அது ராசியில்ல. இன்னிக்கு ரேட்டப் போடு."
வாசலில் நின்று எதிரே கத்திக் கேட்டாள்.
பதினொன்று.

தக்காளி11 என்று அடித்தேன்.
பலவீனமான கடவுச்சொல் என்று
சிவப்பில் காட்டியது திரை.
படித்துச் சொன்னேன்.
"அதுக்கு என்னா தெரியும்" என்று
சும்மாட்டைச் சுற்றிக்கொண்டே ரோட்டைக் கடந்தாள்.
லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.