பக்கம் ஒன்பது

பிப்ரவரி மழையில் மாவட்ட அலுவலகக் கூரை ஒழுகியதால்
விசாரணை இம்முறை தொடக்கப்பள்ளி நூலகத்தில்.
குழுவினர் மூவரும்
ஆறு வயதுப் பிள்ளைகளின் நாற்காலிகளில்
முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.
என் வேலை சிவப்புப் பொத்தானை அழுத்துவது,
நேரம் குறிப்பது,
பக்கங்களை எண்ணி வைப்பது.
பதினொரு வருடமாக எண்ணுகிறேன்.

மாணவன்: ஜெல்டன் லாங்ரின், எட்டாம் வகுப்பு.
அம்மா நெய்ஜோன் கோழி ஆலையில்
இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தாள்.
தலைவலையின் ரப்பர் தடம்
நெற்றியில் இன்னும் சிவப்பாக இருந்தது.
மார்ஷல் தீவுகளின் மொழி தெரிந்தவர்
தொலைபேசியில், எந்த மாநிலத்திலிருந்தோ.
அவர் வீட்டு நாய் விடாமல் குரைத்தது.
அதுவும் பதிவாகியிருக்கிறது.

குற்றத்தை வாசித்தார்கள்.
தீயணைப்பானைச் சுவரிலிருந்து கழற்றி
நடைபாதை நீளத்துக்கும் வெள்ளைப் பொடி அடித்தான்.
கணக்கு டீச்சர் திருமதி ஹாக்கெட் வழுக்கி விழுந்தார்,
மணிக்கட்டில் இரண்டு எலும்பு.
அவர் பொய் சொல்லவில்லை, கூட்டியும் சொல்லவில்லை.
"முதலில் எனக்கே சிரிப்புத்தான் வந்தது" என்றார்,
மாவுக்கட்டை மேசைமேல் வைத்துக்கொண்டு.
வகுப்பு முழுக்க அதில் கையெழுத்துப் போட்டிருந்தது:
பச்சையில், ஊதாவில்,
மீசை வைத்த ஒரு பூசணிக்காய்.
பையன் கேள்விகளைக் கவனிக்கவில்லை.
தலையைச் சாய்த்துச் சாய்த்து
அந்தப் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தான்.

மேசைக்கு ஒரு கால் குட்டை.
தலைவர் ஓகிள்ட்ரீ காகிதம் புரட்டும்போதெல்லாம்
என் பதிவுக் கருவி சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது.

"ஏன் செய்தாய்?"
தொலைபேசி அதை மொழிபெயர்த்தது,
இரண்டு தெரு தள்ளிப் பிறந்தவனுக்கு.
தெரியல, என்றான்.
தெரியாது, என்று எழுதினேன்.
எழுத்தில் அது வேறொருவன் சொன்னதுபோல் இருந்தது.

இடைவேளை, ஐந்து நிமிடம்.
பொத்தானை அணைத்தேன்.
எல்லோரும் காபிக்குப் போக
அவன் குனிந்தான்.
ஷூ நாடா என்று நினைத்தேன்.
தன் பிரதியில் எதையோ தேடி, ஒரு தாளை உருவி
நாலாக, எட்டாக மடித்து
மேசைக் காலடியில் செருகினான்.
உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தான்.
ஆடவில்லை.
என்னைப் பார்க்கவும் இல்லை.
இதற்குக் குறிப்பேட்டில் கட்டம் கிடையாது.

இரண்டுக்கு ஒன்று.
அந்த ஒன்று யாரென்று எனக்குத் தெரியும்,
சொல்ல அனுமதியில்லை.
ஒரு வருடம் நீக்கம்.
அம்மா முதல்முறையாக வாய் திறந்தாள்,
நாய்க்குரைப்பினூடே தொலைபேசி சொன்னது:
"ஞாயிற்றுக்கிழமைகளும் சேர்த்தா, என்று கேட்கிறார்."
தலைவர் விதிப்புத்தகத்தைத் திறந்தார்,
கொஞ்சம் தேடினார், மூடினார்.
"எழுதி அனுப்புகிறோம்."

எல்லோரும் போனபின் எண்ணினேன்.
குடும்பத்தின் பிரதி மேசையிலேயே கிடந்தது.
இருபத்திரண்டு இருக்க வேண்டும்,
இருபத்தொன்று இருந்தது.
மண்டியிட்டு மேசைக்கடியில் போனேன்,
இந்த முழங்காலோடு.
பிரித்தால் பக்கம் ஒன்பது,
நட்டநடுவில் ஒரே வரி:
இப்பக்கம் வேண்டுமென்றே
வெறுமையாக விடப்பட்டுள்ளது.

சாட்சியத்தை அவன் கிழிக்கவில்லை.
மணிக்கட்டின் எக்ஸ்ரே படத்தையும் தொடவில்லை.
அதற்கு
எல்லாப் பக்கங்களையும் பார்த்திருக்க வேண்டும்.
குழுவில் எத்தனை பேர் பார்த்தார்கள்
என்று நான் கேட்டதில்லை,
கேட்பது என் வேலையும் இல்லை.

அவன் மடித்த மடிப்பிலேயே மடித்தேன்.
நாளைக் காலை முதல் வகுப்பு
இந்த மேசையில்தான் படம் வரையும்.
இருந்த இடத்தில் செருகிவிட்டு,
எழுந்து, தூசி தட்டி,
படிவத்தில் எழுதினேன்:
பக்கங்கள் இருபத்திரண்டு, சரிபார்க்கப்பட்டது.
கீழே என் முதலெழுத்துகள்.
எழுதும்போது மேசை ஆடவில்லை.