கூடாவிட்டால்

ட்ரியெஸ்தேயில் போரா காற்று
இன்று மணிக்கு நூறைத் தாண்டுமாம்.
காப்பீட்டு அலுவலகத்தின் நாலாம் மாடியில்
ஒந்தினா விண்ணப்பத்தைத் திறந்து வைத்திருக்கிறாள்.
இடர் மேலாண்மைச் சான்றிதழ்:
இரண்டு தேர்வு, ஆயிரத்து இருநூறு யூரோ,
தேறுவோர் பாதிக்கும் குறைவு.

தாளில் கட்டம் கட்டிக் கணக்குப் போட்டாள்.
சம்பளம் கூடினால்
இரண்டு வருடத்தில் போட்ட முதல் திரும்பும்.
கூடாவிட்டால்?
அந்தக் கட்டத்தில் மட்டும் ஒரு மீன்.

பக்கத்து மேசை ஃபுல்வியோவிடம் இருக்கிறது,
சட்டம் போட்டு, சுவரில், கொஞ்சம் சாய்ந்து.
"பயன் உண்டா?"
"இப்போதெல்லாம் கூட்டத்தில் நான் பேசினால்
முடிக்க விடுகிறார்கள்."

அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஐந்து மணிக்குக் குடையை விட்டுவிட்டு
(இந்தக் காற்றில் குடை விரிப்பவர் வெளியூர்க்காரர்)
தெருமுனைக் கயிற்றைப் பிடித்து இறங்கினாள்.
விண்ணப்பம் திறந்தே இருக்கிறது.
நள்ளிரவுவரை நேரம்.