நாலு விரற்கடை

ஒன்பது இருக்கிறது என்னிடம்.
பிஸ்கட் டப்பாவில், பழைய பனியன் துணி சுற்றி.
விடிகாலை மெட்ரோ வாட்டர் லாரி தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போது
குடத்தை வரிசையில் போட்டுவிட்டு வந்து திறப்பேன்.
இன்றைக்கு எது?

மணலி கன்டெய்னர் யார்டில் வேலை.
சீல் எண் பார்த்து, கதவு திறந்து,
நைலான் பட்டை அறுத்து, பெட்டி எண்ணி, கையெழுத்து.
அறுக்க யார்டே ஒன்று கொடுத்திருக்கிறது,
மஞ்சள் பிளாஸ்டிக்,
மழுங்கினால் நுனியை உடைத்து எறியலாம்.
எறிவதற்கென்றே வந்ததோடு
எப்படிப் பழகுவது?

முதல் கத்தி பர்மா பஜாரில்.
செல்போன் கவர் கடைக்குள் இன்னொரு கடையாக உட்கார்ந்திருந்த
நைனார் முகமது கேட்டார்: யாருக்கும்மா, அண்ணனுக்கா?
எனக்கு.
பழம் நறுக்கவா?
பேசாமல் கட்டைவிரலால் திறந்தேன்.
டக்.
பூட்டு விழுந்த அந்தச் சத்தத்துக்குத்தான்
நானூற்று ஐம்பது ரூபாய்.
ஐம்பதைக் குறைத்துக்கொண்டு அவர் சொன்னார்,
"அலகு நாலு விரற்கடைக்கு மேல வேணாம்.
கை வச்சு அளப்பாங்க."
யார் கை என்று அவரும் சொல்லவில்லை.
என் நாலு விரலும் ஒரு ஏட்டய்யாவின் நாலு விரலும்
ஒரே அளவா?

மரக்கைப்பிடி வைத்தது மழையில் ஊதிக்கொண்டு
மூட மறுக்கும். ஐப்பசியில் எடுக்க மாட்டேன்.
கார்பன் இரும்பு ஒன்று, கோபக்காரி,
ஒரே ஒரு எலுமிச்சம்பழத்துக்கு நீலம் பாரித்துவிட்டாள்.
எண்ணெய் தடவ மறந்தால்
எண்ணூர்க் காற்று ராத்திரியோடு துரு வைத்துவிடும்.
கொம்புப் பிடி போட்டதுதான் கையில் நிற்பது.
கனம். சுடிதாரை ஒரு பக்கமாக இழுக்கும்.
அதற்காகவே பாக்கெட்டை இரட்டைத் துணியில் தைக்கச் சொன்னேன்,
வலது பக்கம் மட்டும்.

தம்பி எபி டப்பாவைத் தொட மாட்டான்.
உன் பாக்கெட்டில் இருந்தால் கத்திக்கா,
என் பாக்கெட்டில் இருந்தால் பொருள், என்பான்.
அவன் பைக்கை வாரம் ரெண்டு தடவை நிறுத்துகிறார்கள்.
எந்த ஏரியா?
வியாசர்பாடி என்றதும் சீட்டைத் தூக்கச் சொல்கிறார்கள்.
சீட்டுக்கடியில் ஒரு ஸ்பேனர்கூட வைப்பதில்லை அவன்,
வண்டி நின்றால் தள்ளிக்கொண்டு வருகிறான்.
என்னை யாரும் நிறுத்தியதில்லை.
டிபன் பை, துப்பட்டா, கழுத்தில் அடையாள அட்டை.

போன வியாழன் யார்டு வேன் வரவில்லை.
வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கினேன்.
மிஷின் கத்தியது.
இருப்பதிலேயே சின்னது, ரெண்டு விரல்கூட இல்லை.
"இத்த எட்த்துனு போவ முடியாதும்மா.
டப்பால போடு, இல்லன்னா வெளிய போ."
ஐஸ்கிரீம் டப்பா. எட்டிப் பார்த்தேன்.
கத்திரிக்கோல்கள், செதில் ஒட்டிய ஒரு சூரி,
ஆப்பிள் படம் போட்ட பழக்கத்தி, லைட்டர்கள்,
அடியில் அது:
ஆக்சா பிளேடைத் தேய்த்து யாரோ தானே செய்தது.
பிடிக்கு சைக்கிள் டியூப், வரிவரியாக, இறுக்கி.
முதுகில் விரல் பதிய ஒரு பள்ளம்கூட அரம் போட்டிருந்தான்.
என் ஒன்பதில் எதற்கும் அந்தப் பள்ளம் இல்லை.
இதைப் போட்டுவிட்டு ரயிலேறிப் போக
என்ன அவசரம் அவனுக்கு?

இது என்ன விலைக்கு வரும், என்றேன்.
"எது?"
டியூப் சுத்தினது.
அப்போதுதான் அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.
செருப்பிலிருந்து தொடங்கி.
பையைத் திற என்றாள்.
டிபனைத் திற என்றாள்.
தயிர் சாதத்தை, மாவடுவை, பார்த்தாள்.

வெளியே வந்து ஷேர் ஆட்டோ பிடித்தேன்.
அரை நாள் சம்பளம் போச்சு. கத்தி பாக்கெட்டில்.

ராத்திரி எபியிடம் சொன்னேன்,
என்னையும் நிறுத்திட்டாங்கடா.
"ஏரியா கேட்டாங்களா?"
இல்ல.
"அப்ப அது செக்கிங்கே இல்லக்கா" என்று
பால் பாக்கெட்டின் முனையைப்
பல்லால் கடித்துத் திறந்தான்.