முப்பதாம் இலக்கம்

கொட்பேயில் ஐஸ் தொழிற்சாலையின் பின்னறை.
சேர்வர் ஒன்று, சுவிட்ச் இரண்டு.
முதலாவதுக்கு நீலக் கேபிள், மற்றதற்கு மஞ்சள்.
வெளியே கச்சான் அடிக்கிறது,
தகரக் கூரை தன் ஆணிகளை ஒவ்வொன்றாய் எண்ணுகிறது.

ஹில்மி கேட்டான்: ஒரு வயர் காணாதா?
இருட்டுக்குள் மூதூர் இருக்கும் திசையைக் காட்டினேன்.
லாஞ்ச் ஓடாத நாட்களில்
நீ வீட்டுக்குப் போகாமலா இருந்தாய்?
சுற்றித்தான் போனேன்,
கெங்கை என்றும் உப்பாறு என்றும் பாலம் பாலமாய்,
இடுப்பு முறிந்தது என்றான்.
ஆனால் போனாய்.
போனேன்.

இரண்டு வாசலையும் சேர்த்துக் கட்டி
ஒரே பெயர் வைத்தேன்: பொண்ட் சைபர்.
ஒன்று உழைக்கும், மற்றது விழித்திருக்கும்.
செக்கனுக்குப் பத்துத் தரம்
வயரில் உயிர் இருக்கிறதா என்று பார்க்கும்.
அந்தப் பெயரின் மேல்
இல்லாத வாசல்கள் மூன்று:
பத்து, கணக்குப் பகுதிக்கு.
இருபது, கமராக்களுக்கு.
முப்பது, குளிரறை வெப்பமானிகளுக்கு.
இவற்றைக் கையால் தொட முடியாது.
தொடக்கூடிய ஒரே செம்பில்
ஒவ்வொரு பொதியும் தன் இலக்கத்தை
நெற்றியில் ஒட்டிக்கொண்டு ஓடும்,
மீன்பெட்டிகளில் முதலாளிமார் பெயர்த்துண்டு போல.
லொறி ஒன்றுதான். இறங்கும் இடம் வேறு.

இரவு இரண்டு பத்து.
பிடுங்கு என்றேன்.
நீலத்தைப் பிடுங்கினான் ஹில்மி,
தன் பல்லையே பிடுங்குகிறவன் முகத்தோடு.

திரையில் ஒரு பதில் தவறியது, ஒன்றே ஒன்று.
பிறகு மஞ்சள் வழியாகப் பத்து பேசியது.
இருபதும் பேசியது:
கேற்றடியில் புள்ளிமான் ஒன்று
பப்பாசித் தோல் தின்பதை நேரலையாகப் பார்த்தோம்.
ஹில்மி கைதட்டினான்.
நானும் தட்டியிருப்பேன்.

நாலாம் குளிரறை: மைனஸ் பதினெட்டு.
நல்ல எண். எவரும் நம்பக்கூடிய எண்.
ஆனால் அது அசையவில்லை.
பின்னேரம் முழுக்க
பதினேழு தசம் ஒன்பது, பதினெட்டு தசம் இரண்டு என்று
நித்திரையில் மூச்சு விடும் பிள்ளை போல
ஏறி இறங்கிய எண்
எட்டு நிமிடமாய்ச் சிலையாய் நிற்கிறது.
நின்றுபோன மணிக்கூடும் நேரம் காட்டும்தானே.

இரண்டாவது சுவிட்சைத் திறந்தேன்.
அனுமதி உள்ளவை: பத்து, இருபது.
அவ்வளவுதான்.
நான்தான் தட்டினேன், நாலு மணிக்கு.
பத்து எழுதினேன், இருபது எழுதினேன்,
தேத்தண்ணி வந்தது,
குடித்தேன்.

பட்டியலில் இல்லாத இலக்கத்தைச்
சுவிட்ச் ஏசாது, திருப்பி அனுப்பாது.
வாங்கும், பார்க்கும், கீழே போட்டுவிடும்.
அதன் பச்சை விளக்கு
ஒரு கணமும் நிறம் மாறாது.
பட்டியலில் பெயர் இல்லாமற்போவது என்னவென்று
ஹில்மிக்கு விளக்கத் தேவையில்லை.
அவன் கை தன்பாட்டில்
காற்சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது,
அடையாள அட்டை இருக்கும் பக்கம்.

முப்பது.
ஒரு சொல்லும் ஒரு இலக்கமும், ஒரே வரி.
தட்டினேன்.
நாலாம் அறை திடுக்கிட்டு விழித்தது:
மைனஸ் பதினேழு தசம் ஆறு.
உள்ளே அன்ரனீட்டாவின் இரண்டு படகு கொண்டுவந்த
எழுநூறு கிலோ அறக்குளா.
அவளுக்கு இது தெரியாது.
தெரிய வேண்டியதும் இல்லை, அதற்குத்தான் சம்பளம்.

ஹில்மி நீலத்தைத் திரும்பச் செருகினான்,
டக் என்று சின்னச் சத்தம்.
பையைத் தோளில் போட்டான்:
இனிப் போவோமா, நாலரைக்கு பஸ் இருக்கு.

இரு, என்றேன்.
நாங்கள் ஒரு பக்கம்தான் செத்துப் பார்த்தோம்.

அவன் பையை இறக்கினான்.
வெப்பமானி பதினேழு தசம் எட்டு என்றது, ஒன்பது என்றது.
மான் போய்விட்டது, தோல் மட்டும் கிடக்கிறது.
மஞ்சளின் கழுத்தை
இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு
என் முகத்தைப் பார்க்கிறான்.