ஆயிரம் கஜத்துக்கு ஒரு தோட்டா

ஆர்லோ ஹோஃபர் தன் கடைக் கண்ணாடி மேசையில்
மூன்று தோட்டாக்களை நிமிர்த்தி வைத்தார்.
பித்தளை இடுப்பு, செம்பு மூக்கு,
பள்ளிக்கூடப் படத்துக்கு நிற்கும் பிள்ளைகள் போல
உயரவாரியாக.

எதற்கு, என்றார்.
மானுக்கில்லை.
கோழிக்கூண்டைச் சுற்றும் ஓநாய்க்குட்டிக்கும் இல்லை.
தாளுக்கு.
ஆயிரம் கஜம் தள்ளி
புல்வெளியில் நிற்கும் ஆறடித் தாளுக்கு.
குழல் இன்னும் வாங்கவில்லை.
செருப்பை வாங்கிவிட்டா காலைத் தேடுவது?

முப்பத்தொரு வருடம் தெற்கு டகோட்டா மண்சாலைகளில்
கடிதம் போட்டவள் நான்.
போய்ச் சேர வேண்டியது போய்ச் சேர்வதில்
எனக்கொரு கிறுக்கு.

முதலாவது, முந்நூற்றெட்டு.
எரிபொருள் நிலையத்தில்கூடக் கிடைக்கும்.
ஐயாயிரம் வெடிவரை குழலைத் தின்னாது.
ஆனால் எண்ணூறு கஜம் தாண்டினால் மூச்சு வாங்கும்.
ஒலியின் வேகத்துக்கு இறங்கும் இடத்தில்
ஒரு தள்ளாட்டம்,
இன்னொரு படி இருக்கிறதென்று
இருட்டில் காலை வைத்தவன் போல.

மூன்றாவது, முந்நூறு மேக்னம்.
காற்றை மதிக்காது.
என் தோளையும் மதிக்காது.
பிப்ரவரிப் பனியில் வழுக்கி விழுந்து
ராபிட் சிட்டி மருத்துவர் இரண்டு திருகாணி வைத்த தோள்.
விசையைத் தொடும் முன்பே
கண் தானாக மூடிக்கொள்ளும்,
உதைக்கும் மாட்டிடம் உட்கார்ந்தவளைப் போல.
மூடிய கண்ணுக்கு
எவ்வளவு மருந்து அடைத்தால் என்ன?

நடுவில், ஆறரை.
ஒல்லி. நீள மூக்கு.
காற்றோடு மல்லுக்கு நிற்காமல் நழுவிப் போகும் உடம்பு.
பத்து மைல் குறுக்குக் காற்றில்
முந்நூற்றெட்டு எட்டடி விலகினால் இது ஆறடி,
ஆர்லோ கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார்.
இரண்டடிதானே என்பவர்கள்
பக்கத்து வீட்டுப் பெட்டியில் விழுந்த
கடிதத்தைக் கேட்டுப் பார்க்கட்டும்.

இதையே கொடுங்கள், இருபது பெட்டி.

ஆர்லோ அலமாரியைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.
ஆறரையின் தட்டு
காற்று வாங்கிக்கொண்டிருந்தது.
இது மாதிரிக்கு வைத்தது, வெர்லா,
என்று மேசையில் இருந்ததையும்
துடைத்து உள்ளே வைத்தார்.
சரக்கு வர அக்டோபர் ஆகும்.
போட்டி ஆகஸ்டில்.

முந்நூற்றெட்டே இருக்கட்டும், என்றேன்.
எட்டடி விலகுமே?
விலகட்டும். எவ்வளவு என்று தெரிந்துவிட்டால்
அது பிழையில்லை,
விலாசம்.

பேச்சு நன்றாகத்தான் இருந்தது.
ஆகஸ்டில் வயிறு தரையில் பட
தொலைநோக்கிக்குள் பார்த்தால்
கானல் ஓடுகிறது, மேற்கிலிருந்து,
பாதி வழியில் மனம் மாறி நிற்கிறது,
திரும்ப ஓடுகிறது.
கொடிகள் மூன்று, மூன்றும் வேறு வேறு சொல்கின்றன.
தாளை விட்டு மேற்கே ஏழடி நகர்ந்து
வெறும் புல்லைக் குறி வைத்தேன்.
திருகாணிகள் இரண்டும் முனகின.
கண் மூடவில்லை.

ஒன்றரை விநாடிக்குக் கொஞ்சம் மேலே.

குழியிலிருந்து லவான் ரெசெக் தாளை இறக்கினாள்.
வெகுநேரம் ஏற்றவில்லை.
ஓட்டையை ஒட்டுகிறாளா, தேடுகிறாளா?
ஒரு வெட்டுக்கிளி என் தோட்டாப் பெட்டியில் ஏறி
உட்கார்ந்து, போயிற்று.

எட்டு. கிழக்கோரம்.

அடுத்ததை உள்ளே தள்ளினேன்.
காற்று அதற்குள் வேறாகியிருந்தது.