இருபத்தேழாம் எண்

வண்ணாரப்பேட்டை, மூன்றாம் மாடி. ராத்திரி ரெண்டே கால்.
திரையில் ஏதோ ஊரில் பனி கொட்டுகிறது.
இங்கே ஏசி ஓடாமல் முதுகு நசநசக்கிறது.

படிவம் கேட்கிறது: கார்னரா, சேஃப்டியா?
ஓர் ஆளுக்கு ஒரு டிக்.

முதல் ஆட்டத்தில் கோட்டோரம் நிற்கிறான்.
எதிராளியின் இடுப்பைத்தான் பார்க்கிறான்,
கண்ணை அல்ல. கண் பொய் சொல்லும்.
அடுத்ததில் இருபது கஜம் பின்னால்,
மானூர்க் குளத்து மடைக்காரன் மாதிரி
எங்கே உடைக்குமோ அங்கே முன்கூட்டியே.
அப்புறம் நடுவில் புகுந்து
தன்னைப்போல் ஒன்றரை ஆளைக் கவிழ்க்கிறான்.
நாற்பது முறை பந்து அவன் பக்கம் வரவேயில்லை.
வராத பந்துக்குக் கட்டம் கிடையாது.

"ஏட்டி முப்பிடாதி, ஒருத்தனுக்கு இம்புட்டு நேரமா?"
ஷிப்ட் லீடர் ஜெஸிந்தா.
"இவன் எங்க நிக்கான்னே பிடிபடலக்கா."

சிவந்திப்பட்டி கபடி அணியில் நான் லெஃப்ட் கார்னர்.
ஆள் குறைந்தால் கவர்.
இன்னும் குறைந்தால் ரைடு.
பாளையங்கோட்டைத் தேர்வில், என் பெயருக்கு நேரே,
பச்சை மையில்:
நிலையான இடம் இல்லை.

ரெண்டு கட்டத்திலும் டிக் போட்டேன்.
கணினி சிவப்பாய் மறுத்தது.
ஒன்றை எடுத்துவிட்டுக் குறிப்பில் எழுதினேன்:
எங்கே நிறுத்தினாலும் அங்கே பிறந்தவன்.

பத்துக்கு ஒன்பது போடக் கை போனது.
மூன்றாம் கால்பகுதியை மறுபடி ஓட்டினேன்.
வெறும் தோள் அசைவை நம்பி உள்ளே திரும்புகிறான்,
ஆள் வெளியே பறக்கிறான்.

எட்டரை.

அந்தத் தோளுக்கு
நானும் திரும்பியிருப்பேன்.