பின்றானை

பாசல் நகரம். அருங்காட்சியகத்தின் பின்னறை.
சட்டத்திலிருந்து படத்தைக் கழற்றி வைத்திருந்தேன்.
தையல்காரர் நெவ்பஹார்
அளவு நாடாவைக் காகிதத்தில் படாமல்
ஒரு விரல் உயரத்தில் பிடித்தார்.

நீர்வண்ணம். நூற்றறுபது வயதிருக்கும்.
மாதுளைத்தோல் நிறத்தில் நீளங்கி,
மஞ்சள் சல்வார், இடுப்பில் சால்வை.
இஸ்தான்புல்லில் ஒரு கோடை தங்கிய
சுவிஸ்காரர் வரைந்தது.

இதைப் பார்த்து ஒன்று தைக்க வேண்டும்,
பொம்மைக்கு, செப்டம்பருக்குள், என்றேன்.

அவர் எண்ணினார்.
இந்தப் பக்கம் ஒரு தானை. அந்தப் பக்கம் ஒன்று.
"மூன்று இருக்கணும். உடுப்புக்குப் பெயரே அதுதான்."
சால்வை முடிச்சு, மடியில் கிடந்த கை,
வண்ணம் தொடாமல் விட்ட வெள்ளை மூலை,
எல்லாம் குனிந்து பார்த்துவிட்டு:
"மூன்றாவதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறாள்.
எழுந்திரு என்று
அந்த மனுஷன் சொல்லவே இல்லை போல."

பொம்மை சுவரோரம்தான் நிற்கும்,
முதுகுப்பக்கம் யாருக்கும் தெரியாது, என்றேன்.
நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டார்.

வெள்ளிக்கிழமை விலைச்சீட்டு வந்தது.
முன்தானை இரண்டுக்கும் பட்டு, சாதா ஓரம்.
பின்தானைக்குப் பட்டு,
அதற்கு மட்டும்
கரை நெடுக வெள்ளிச் சரிகை.